தாயின் பாரமும் தாங்குவோர் தோளும்



திருக்குருகூரில் காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த குழந்தை அழவில்லை, பால் உண்ணவில்லை, கண் விழித்துத் தாயின் முகம் பார்க்கவில்லை. உலக இயல்புக்கு மாறாக இருந்தமையால் மாறன் என்று பெயரிட்டனர் என்றும், பன்னிரண்டாம் நாள் பொலிந்து நின்ற பிரான் ஸந்நிதிக்கு எடுத்துச் சென்று அங்கிருந்த புளியமரத்தடியில் விட்டனர் என்றும் குருபரம்பரை கூறும். பதினாறு ஆண்டுகள் அக்குழந்தை பேசவில்லை. மதுரகவிகள் வந்து வினவிய போதுதான் வாய் திறந்தது. பின்னர் நிகழ்ந்தவை சேவார்த்திகள் யாவரும் அறிந்தவையே.

அந்தப் பதினாறு ஆண்டுகளைப் பெற்றோர் எவ்வாறு கழித்தனர் என்பதைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. திருக்குறுங்குடி நம்பியை வேண்டிப் பெற்ற பிள்ளை அது. வேண்டிப் பெற்ற பிள்ளையே இப்படி இருந்தால் ஊரார் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய புலமை வேண்டியதில்லை. இன்று நாளை என்று எண்ணிக்கொண்டே பதினாறு வைகாசி விசாகங்கள் கடந்திருக்கும். ஆழ்வாருடைய மௌனத்திற்கு நமது பூர்வாசார்யர்கள் பொருள் உரைத்தார்கள். அந்தத் தாயின் மௌனத்திற்குப் பொருள் உரைத்தவர் எவருமிலர்.

உரிய வயதில் பேசாத, நடக்காத, கற்றதை நிறுத்திக்கொள்ளாத குழந்தையைப் பெற்ற தாய்மார்கள் இன்றும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேற்ற வருவோர் சிலர், ‘உன் பிள்ளையும் ஒருநாள் ஆழ்வாரைப் போல் வாய் திறப்பான்’ என்று சொல்லிவிட்டுச் செல்வதுண்டு. நல்லெண்ணத்தோடு சொல்லும் வார்த்தைதான். ஆயினும் அது அத்தாயை மறுபடியும் புளியமரத்தடியில் காத்திருக்க வைக்கிறது. மாறன் மகானாக வெளிப்பட்டது எம்பெருமானின் ஸங்கல்பம். எல்லாக் குழந்தைகளுக்கும் அளிக்கப்பட்ட வாக்குறுதி அன்று. வாய் திறவாமலே வாழ்ந்து முடிக்கப்போகும் பிள்ளையை எந்த நம்பிக்கையைக் கொண்டு வளர்ப்பது என்பதே அத்தாயின் வினா. அதற்கு விடை தேடுவது பாகவதர்களின் கடமையுமாகும்.

முதலில் ஒரு தெளிவு. முன்னர் மனவளர்ச்சிக் குறைவு என்று வழங்கியதை இப்பொழுது அறிவுசார் குறைபாடு என்கிறார்கள். இது மனநோய் அன்று. திருச்சிக்கு அருகே குணசீலத்தில் ப்ரஸந்ந வேங்கடேசப் பெருமாள் ஸந்நிதியில் மனம் கலங்கியவர்கள் 48 நாட்கள் தங்கிச் சேவிக்கும் வழக்கம் உண்டு. நோய் வந்தது, ஆகவே போகவும் கூடும். அறிவுசார் குறைபாடோ குழந்தை வளரும் விதத்திலேயே அமைந்தது. மருந்தால் அகற்றுவதற்கில்லை, பயிற்சியால் வளர்க்கலாம். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் பாரதத்தில் இத்தகையோர் சுமார் 15 லட்சம் பேர் எனப் பதிவாகியுள்ளது. அண்டை வீட்டாரிடம் மறைக்கும் பெற்றோர் கணக்கெடுக்க வந்தவரிடம் மட்டும் உரைத்திருப்பார்களா என்பது ஐயமே.

‘யார் செய்த பாவம்?’ என்னும் கேள்வி அடுத்து எழுகிறது. பெரும்பாலும் மாமியார் வாயிலிருந்து எழுகிறது. மருமகளின் நெஞ்சில் தைக்கிறது. மருத்துவம் கண்ட காரணங்கள் பல. டௌன் நோய்க்குறி என்பது 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் உண்டாவது என 1959-இல் கண்டறியப்பட்டது. பிரசவத்தின்போது மூச்சு முட்டுவது, மூளைக் காய்ச்சல், நெருங்கிய உறவில் செய்யும் மணம் ஆகியவையும் காரணங்களாகலாம். பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைந்திருந்தால், பிறந்த சில வாரங்களுக்குள் கண்டு மருந்து தொடங்கின் பெரும் பாதிப்பைத் தவிர்த்துவிடலாம். பல குழந்தைகளின் விஷயத்தில் காரணமே புலப்படுவதில்லை.

கர்மம் இல்லையா என்று ஆஸ்திகர் கேட்கலாம். உண்டு. ஆனால் ஒருவன் தன்னைத் தானே நோக்கித் திருந்துவதற்காகவே அது உபதேசிக்கப்பட்டது. அயலாள் மடியிலுள்ள குழந்தையைக் காட்டிக் கணக்குக் கேட்பதற்காக அன்று. கூரத்தாழ்வான் திருக்கண்களை இழந்து நின்றபோது உடையவர் கர்மத்தை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. காஞ்சிக்கு அழைத்து வந்து, பேரருளாளனிடம் கண்ணை வேண்டும்படி நியமித்தார். துன்புற்றவனை எதிரில் கண்டால் ஆசார்யன் செய்வது இது. வைத்தியம் தேடுவதும் பயிற்சி தேடுவதும் பக்திக்குக் குறைவு என்று எண்ணுவோர்க்கும் இதில் விடை இருக்கிறது.

பெற்றோரின் மனத்தளர்ச்சிக்கு வருவோம். ஏனைய துன்பங்களுக்கு ஒரு கரை உண்டு. கடன் தீரும், காய்ச்சல் தணியும், மகள் மணமாகிச் செல்வாள். இங்கோ பத்து வயதிலும் உணவு ஊட்ட வேண்டும். இருபது வயதிலும் நீராட்ட வேண்டும். இரவில் உறங்காத பிள்ளையோடு தாயும் உறங்குவதில்லை. செவிலிமேடு, பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தறி வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. பிள்ளை ஓடி வந்து பாவில் கைவைத்து இழுத்துவிட்டால், அறுந்த இழைகளைப் பிணைப்பதிலேயே பொழுது போய்விடும். கூலியோ புடவைக் கணக்கில். பிள்ளையைக் கவனித்தால் தார் சுற்ற ஆளில்லை. தார் சுற்றினால் பிள்ளையைக் கவனிக்க ஆளில்லை. இவ்வளவுக்கும் நடுவே கல்யாணத்திற்குப் போகாமல், கோயிலுக்குப் போகாமல், உறவினர் வந்தால் பிள்ளையை உள்ளறையில் அமர்த்திவிட்டுச் சிரித்துப் பேசும் தாயின் களைப்பு உடலின் களைப்பு மட்டுமன்று. தான் நல்ல தாயா என்னும் ஐயமே அவளை அதிகம் வருத்துகிறது.

இதைப் பற்றி ஆராய்ந்தோர் கண்டது கவனிக்கத்தக்கது. குழந்தையின் அறிவு எவ்வளவு குறைந்தது என்னும் அளவைக் காட்டிலும், அதன் பிடிவாதமும் முரட்டு நடத்தையும், பெற்றோருக்குத் துணையின்மையும்தான் அவர்களை அதிகமாகச் சோர்வடையச் செய்கின்றனவாம். அறிவின் அளவை மாற்றுவது அரிது. மற்றவை மாற்றக்கூடியவை.

காஞ்சிக்கு மேற்கே இதே பாலாற்றங்கரையில் வேலூர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இத்தகைய குழந்தைகளுக்கான பிரிவுக்கு ‘நம்பிக்கை நிலையம்’ என்று பெயர். (ஸ்தாபித்தவர்களின் சமயம் வேறாயினும், அழகான பெயரை அழகானது என்று சொல்வதில் குறையொன்றுமில்லை.) அவ்வூர் மருத்துவர்கள் செய்த ஒரு சோதனை 1999-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியாயிற்று. 57 பெற்றோரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு நிபுணர்கள் சொற்பொழிவு நிகழ்த்தினர். மறு பிரிவினர் வட்டமாகக் கூடி அமர்ந்து தத்தம் அனுபவத்தைச் சொல்லி, பிறர் சொல்வதைக் கேட்டு, ஐயங்களைப் பேசித் தீர்த்துக்கொண்டனர். பத்து வாரங்கள் இவ்வாறு நடந்தது. கூடிப் பேசியவர்களிடம் குழந்தையை வளர்க்கும் மனப்பாங்கும், குறைபாட்டைப் பற்றிய அறிவும், பிள்ளையை நடத்திச் செல்லும் முறை பற்றிய தெளிவும் உயர்ந்திருந்தன. ஒன்று மட்டும் மாறவில்லை. அக்குறைபாட்டைக் குறித்து நெஞ்சில் கிடந்த உணர்வு முன்போலவே இருந்தது.

இந்த முடிவு சிந்தனைக்குரியது. வருத்தம் நீங்கினால்தான் நம்பிக்கை பிறக்கும் என்று பொதுவாக எண்ணுகிறோம். அப்பெற்றோருக்கு வருத்தம் அப்படியே இருக்க, வளர்க்கும் உறுதி மட்டும் வளர்ந்தது. அழுகை ஓய்ந்த பிறகு கைங்கர்யத்தைத் தொடங்கலாம் என்று ஒரு தாய் காத்திருக்க வேண்டியதில்லை. அழுதுகொண்டே தொடங்கலாம் போலும்.

மேலும், கூடி அமர்ந்து பேசியது பலன் தந்தது என்பதில் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு வியப்பு இருக்க இடமில்லை. திவ்யப்ரபந்தத்தைத் தனியே சொல்வதற்கும் கோஷ்டியில் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு நாம் அறிந்ததுதானே? கோஷ்டியில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் பாசுரம் நின்றுவிடுவதில்லை. அடுத்தவர் குரல் எடுத்துச் செல்கிறது. மூச்சு திரும்பியதும் அவர் மீண்டும் சேர்ந்துகொள்கிறார்.

இனி, நாள்தோறும் செய்வது என்ன? அதற்குச் செவிலிமேட்டிலேயே விடை இருக்கிறது. காசி யாத்திரையில் யாதவப்ரகாசருடைய கூட்டத்தினின்றும் பிரிந்து, விந்தியக் காட்டில் வழி தெரியாது நின்றார் இளைய ராமாநுஜர். வேடனும் வேடுவச்சியுமாய் வந்து அவரை அழைத்து வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்பது பெரியோர் வாக்கு. கிணற்றருகே வேடுவச்சி தாகமென்றாள். ராமாநுஜர் கைகளால் நீர் முகந்து மும்முறை கொணர்ந்தார். மறுமுறை திரும்பியபோது அவர்களைக் காணவில்லை. காஞ்சியின் அருகே தாம் நிற்பதை உணர்ந்தார். அதுவே சாலைக் கிணறு. பின்னர் திருக்கச்சிநம்பிகள் உரைத்தபடி அக்கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் தீர்த்தம் எடுத்துச் சென்று வரதனுக்குச் சமர்ப்பித்து வந்தார்.

இந்த வரலாற்றில் இரு செய்திகள் நம் விஷயத்திற்கு உரியவை. வழி தெரியாதவனை அழைத்து வந்த திவ்யதம்பதிகள் அவனிடமிருந்தும் ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டார்கள். அவனால் இயன்றது ஒரு கை நீர், அதையே கேட்டார்கள். இயலாதவன் என்று ஒருவனை முழுவதும் சுமந்துகொண்டே இருப்பது அன்பாயினும், அவன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில் அவனுக்கொரு மதிப்பு ஏற்படுகிறது. அடுத்தது, தினமும் ஒரு குடம் என்பது. ஒரே நாளில் நூறு குடமன்று.

குழந்தைகளுக்குப் பயிற்சி அளிப்போர் கையாளும் முறையும் இதுவே. சென்னையில் 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில் பச்சிளம் பருவத்திலேயே பயிற்சியைத் தொடங்குகிறார்கள்; தாயும் உடனிருந்து கற்றுக்கொள்கிறாள். அங்குள்ள பயிற்சித் திட்டத்திற்கு ‘உபநயன்’ என்று பெயரிட்டது பொருத்தமே. அருகே அழைத்துச் செல்வது என்பது அச்சொல்லின் பொருள். தம்ளரில் நீர் குடிப்பதாகிய ஒரு செயலையே பல படிகளாகப் பிரிக்கிறார்கள். தம்ளரைப் பார்ப்பது, கை நீட்டுவது, பற்றுவது, உயர்த்துவது, உதட்டில் வைப்பது, சிந்தாமல் சாய்ப்பது, மீண்டும் கீழே வைப்பது. ஒரு படி கைவர ஒரு மாதம் ஆகலாம். ஆனால் அந்த ஒரு படி கைவந்த அன்று, ‘என்னால் என் பிள்ளைக்குக் கற்பிக்க முடிகிறது’ என்னும் உறுதி தாயின் நெஞ்சில் பிறக்கிறது. நூறு ஆறுதல் மொழிகளால் பிறவாத உறுதி அது.

எவ்வளவு செய்விப்பது, எவ்வளவு செய்து கொடுப்பது என்பதில் பெற்றோர் தடுமாறுவதுண்டு. மர்க்கட கிசோர ந்யாயம், மார்ஜார கிசோர ந்யாயம் என்னும் இரண்டையும் நாம் கேட்டிருக்கிறோம். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியைத் தாய் கவ்விச் செல்கிறது. இவற்றையொட்டி எழுந்த வாதங்களுக்குக் காஞ்சியில் பஞ்சமில்லை. உத்ஸவ காலத்தில் அவற்றைக் கிளப்புவானேன்? இத்தகைய பிள்ளையைப் பெற்றவள் ஒரே நாளில் இரண்டு தாயாகவும் இருக்கிறாள். சட்டைப் பொத்தானைப் போடத் தெரிந்த பிள்ளைக்கு அவசரத்தினால் தானே போட்டுவிடும் தாய், பற்றத் தெரிந்த குட்டியைக் கவ்விச் செல்கிறாள். சாலையைக் கடக்கத் தெரியாத பிள்ளையைத் தனியே அனுப்புபவள், பற்றத் தெரியாத குட்டியைக் கிளையில் விடுகிறாள். எங்கே எது என்பதை அவள் ஆசிரியரிடமும் பிற தாய்மாரிடமும், எல்லாவற்றினும் மேலாகத் தன் பிள்ளையிடமும் கற்கிறாள்.

இத்தனைக்குப் பிறகும் இரவில் விளக்கணைத்தபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ‘எனக்குப் பின் யார்?’

லௌகிகமான விடைகள் சில உண்டு; அவற்றை அறியாமலே பலர் அஞ்சுகிறார்கள். 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், பதினெட்டு வயது நிறைந்த பின்னும் தாமே முடிவெடுக்க இயலாதவருக்கு, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழுவினிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வமான பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் தன் பட்டியலில் கொண்டுள்ளது. தமிழக அரசு வழங்கும் பராமரிப்புத் தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாயிற்று. முட்டுக்காட்டில் 2005-இல் ஏற்பட்ட மத்திய அரசு நிறுவனம் பல்வகைக் குறைபாடு உடையோருக்குப் பயிற்சி அளிக்கிறது. இவற்றைத் தெரிந்து வைத்திருப்பவர் தெரியாதவருக்குச் சொல்வதும் ஒரு கைங்கர்யமே.

ஆயினும் அக்கேள்வி சட்டத்தால் முழுவதும் தீர்வதன்று. அதை முதன்முதலில் கேட்டவளே ஒரு தாய்தான். பூமிப் பிராட்டி தன் மக்களின் இயலாமையை எண்ணி வராஹப் பெருமானிடம் விண்ணப்பித்தாள் என்றும், நினைக்கும் ஆற்றலை இழந்து கட்டையாய்க் கிடக்கும் நிலையில் என் அடியானை நான் நினைக்கிறேன் என்று அவன் அருளினான் என்றும் பெரியோர் விளக்குவர். இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். முன்பு ஒருகால் நினைத்தவனுக்கல்லவா அந்த வார்த்தை? ஒருநாளும் நினைக்கவே அறியாத பிள்ளைக்கு என்ன கதி?

அதற்கு விடையாகவே போலும் ஓர் ஐதிஹ்யம் நம் ஸம்ப்ரதாயத்தில் வழங்குகிறது. எம்பெருமானார் ஊமை ஒருவனை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி, தம் திருவடிகளை அவன் தலைமேல் வைத்து அருளினார். கதவிடுக்கின் வழியே அதைக் கண்ட கூரத்தாழ்வான், கல்வி கற்றதனால் தாம் இப்பேற்றை இழந்தோமே என்று வருந்தினாராம். ஊமைத்தன்மை வேறு, அறிவுசார் குறைபாடு வேறு என்பது மெய்யே. ஆனால் மந்திரத்தைச் சொல்லவும் பொருள் கேட்கவும் இயலாத ஒருவனுக்காக ஆசார்யன் தானே முன்வந்தான் என்பதே இங்கு நோக்கத்தக்கது. சரணாகதிக்கு வேண்டும் தகுதி கையில் முதலின்மை என்றால், இக்குழந்தைகளைக் காட்டிலும் தகுதி வாய்ந்தவர் யார்?

பாரத்தை அவனிடம் வைத்தோம் என்பதனால் அடியார்களுக்கு வேலையில்லை என்றாகாது. பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதம்தாங்கிகளைப் பாருங்கள். அவர்களில் எவரும் முழுத் தூரமும் ஒரே தோளில் சுமப்பதில்லை. தோள் மாற்றுகிறார்கள், ஆள் மாற்றுகிறார்கள். தோள் மாற்றினவனைப் பக்தி குறைந்தவன் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளையைச் சுமக்கும் தாய்க்கு மட்டும் தோள் மாற்ற ஆளில்லாமல் விட்டிருக்கிறோம். காஞ்சியில் கோர்வைப் புடவை நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு கரைக்கு நாடாவை எறிய உடன் ஒருவர் அமர்ந்தாக வேண்டும். எவ்வளவு தேர்ந்த நெசவாளியையும் அதைத் தனியே நெய்யச் சொல்வார் இல்லை.

கோயிலுக்கு வர இயலாதவர்களுக்காகவே எம்பெருமான் வீதிக்கு எழுந்தருளுகிறான் என்பர். அத்யயனோத்ஸவம் நிறைவுற்றபின் நடைபெறும் அனுஷ்டான குள உத்ஸவத்தில் வரதன் செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றுக்கு எழுந்தருளும்போது, நாதஸ்வர ஒலிக்கும் கூட்டத்திற்கும் மிரண்டு ஒரு பிள்ளை கூச்சலிடலாம். காதுகளைப் பொத்திக்கொண்டு வீதியில் அமர்ந்துவிடலாம். சேவார்த்திகள் திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பதும், ‘வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா’ என்பதும் அந்தத் தாயை அடுத்த ஆண்டு வாசற்படி தாண்ட விடாது. பிள்ளையின் பெயரைக் கேட்கலாம். சற்று விலகி வழி விடலாம். ஸ்ரீசடாரி ஸாதிக்கும்போது பிள்ளை தலையை இழுத்துக்கொண்டால், அர்ச்சகர் ஒரு கணம் பொறுத்து மறுபடியும் ஸாதிக்கலாம்; சடாரி என்பது புளியமரத்தடியில் பேசாதிருந்த அக்குழந்தையே அல்லவா? அருகில் நிற்கும் மூத்த அம்மையார் ஒருவர், ‘பிள்ளை என்னோடு திண்ணையில் இருக்கட்டும், நீ போய் நிதானமாகச் சேவித்துவிட்டு வா அம்மா’ என்று சொல்லலாம். அரை மணி நேரம் போதும்.